மேசை ரம்பம் வாங்கப் போகிறீர்களா? குதிரைச் சக்தியைக் கடைசியில் கேளுங்கள்

வீட்டு முன்புறக் கார் நிறுத்துமிடத்தில் சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை வைக்க வேண்டும் என்று யோசனை கேட்டு வரும் இளைஞர்கள், உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, மேசை ரம்பம் எத்தனை குதிரைச் சக்தியில வாங்கலாம்?"

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தளவாடத் தொழிலில் இருக்கிறேன். அதைக் கடைசியில் கேளுங்கள் என்பதுதான் என் பதில். முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. பலகையை நேராகக் கொண்டு செல்லும் சட்டம் எப்படி இருக்கிறது? பிளேடுக்குப் பின்னால் கத்தி ஒன்று நிற்கிறதா? இவ்விரண்டுக்கும் சரியான பதில் இல்லாத ரம்பம் ஐந்து குதிரைச் சக்தி கொண்டதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மேசை ரம்பத்தைப் பக்கத்தில் பார்த்திராத மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. கை ரம்பத்தில் மரம் அசையாமல் இருக்கும், ரம்பம் நகரும். மேசை ரம்பத்தில் இது தலைகீழ். மேசையின் நடுவில் உள்ள பிளவு வழியே வட்ட பிளேடு தலைநீட்டி, நின்ற இடத்திலேயே சுழலும். மரத்தைத்தான் நாம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பிளேடுக்கு இணையாக நிற்கும் நீண்ட சட்டத்தைக் கடைகளில் ஃபென்ஸ் என்பார்கள். அதில் பலகையின் ஓரத்தை அணைத்துத் தள்ளினால், ஒரே அகலத்தில் நூறு துண்டுகள் வேண்டுமென்றாலும் அறுத்து எடுக்கலாம். ஒரு பட்டறையில் முதன்மையான இயந்திரம் இதுதான் என்று சொல்வதற்குக் காரணம் இந்த வசதி.

இவ்வாண்டு தொடக்கத்தில் என் அக்கா மகனுக்கு இப்படி ஒரு ரம்பம் தேட வேண்டி வந்தது. 22 வயது. தொழிற்பயிற்சிக் கழகம் ஒன்றில் தளவாடத் தயாரிப்பு படித்து, மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கியவன். பகலில் ஒரு கடையில் வேலை. வார இறுதியில் வீட்டில் சாமி மேடையும் புத்தக அலமாரியும் செய்து விற்க வேண்டும் என்பது அவன் திட்டம். சேமித்து வைத்திருந்தது 3,000 வெள்ளி.

திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அக்கா சம்மதிக்கவில்லை. அத்தான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகை ஆலையில் வேலை செய்தபோது, இடது கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் முதல் கணுவை மேசை ரம்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தவர். "அப்பா கைய தினமும் பார்த்துக்கிட்டே வளர்ந்தவனுக்கு ரம்பம் கேக்குது" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார் அக்கா. பிறகு அவரே இறங்கி வந்தார். "நீ கூடப் போய் பார்த்து வாங்கிக் குடு தம்பி. பத்து விரலும் பத்தாவே இருக்கணும். அவ்வளவுதான் நான் சொல்வேன்."

முதலில், ரம்பமே வேண்டுமா?

எல்லா வீட்டுப் பட்டறைக்கும் மேசை ரம்பம் தேவைப்படாது. பிளைவுட்டில் அலமாரிப் பெட்டிகள் மட்டும் செய்பவர் கையில் பிடிக்கும் வட்ட ரம்பமும் ஒரு நேர்க்கோட்டுச் சட்டமும் வைத்துக்கொண்டே நல்ல வேலை செய்யலாம். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட், 18 மி.மீ. கனத்தில், கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும். அதைச் சின்ன மேசை ரம்பத்தின் மேல் ஒற்றை ஆளாகத் தூக்கிப் போட்டுத் தள்ளுவது ஆபத்து. தரையில் தடித்த நுரைப் பலகை ஒன்றை விரித்து, பிளைவுட்டை அதன் மேல் படுக்கவைத்துக் கை ரம்பத்தால் பாதியாக்கிவிட்டு, பிறகு மேசைக்குக் கொண்டுவருவதே புத்திசாலித்தனம்.

சாமி மேடை வேறு வகை. அதில் படிகள், தூண்கள், சட்டங்கள், கோபுரத்தின் அடுக்குகள் என்று 20 மி.மீ., 30 மி.மீ. அகலத்தில் எத்தனையோ சிறு துண்டுகள் வரும். ஒன்று அரை மி.மீ. மாறினாலும் இணைப்பில் இடைவெளி தெரியும். அந்த வேலைக்கு மேசை ரம்பம்தான் சரி. ஆகவே மருமகனின் கோரிக்கை நியாயமானது.

அவன் பயன்படுத்த நினைத்தது ரப்பர் மரம். மலிவானது, வெளிர் நிறம், சாயம் நன்றாக ஏறும். 25, 30 ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த பிறகு வெட்டப்படும் மரம் இது. ஒரு காலத்தில் பெரும்பாலும் விறகாகத்தான் போனது. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் போரான் உப்பில் பதப்படுத்தி உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு, நாட்டின் தளவாட ஏற்றுமதிக்கே அது முதுகெலும்பாகிவிட்டது. மூவாரில் போய்ப் பாருங்கள், பட்டறைக்குப் பட்டறை இந்த மரம்தான். என் பாட்டி பால் வெட்டிய மரத்தின் வாரிசுகளை அவர் கொள்ளுப்பேரன் அறுக்கப் போகிறான் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அவனிடம் சொன்னேன். அவனுக்கு விலைதான் முக்கியம்.

மூன்று ரம்பங்கள்

நாங்கள் பார்த்தவை பல. அவற்றில் பேச வேண்டியவை மூன்று.

முதலாவது, மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்த பழைய இயந்திரம். வார்ப்பிரும்பு மேசை, மூன்று குதிரைச் சக்தி மோட்டார், எடை இருநூறு கிலோவுக்கு மேல். மருமகனின் கண் அதை விட்டு அகலவில்லை. "மாமா, நாங்க படிச்ச இடத்துல இருந்தது மாதிரியே இருக்கு." அவன் ஆசைப்பட்டதில் தப்பில்லை. கனமான ரம்பம் அதிராது. அதிராத ரம்பம் சுத்தமாக அறுக்கும். இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் மோட்டாரின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டில் 415 வோல்ட், மூன்று ஃபேஸ் என்றிருந்தது. அக்காவின் வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ், 240 வோல்ட். இதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்வெர்ட்டர் பொருத்தலாம், மோட்டாரையே மாற்றலாம். எல்லாம் தகுதி பெற்ற மின்பணியாளரை அழைத்துச் செய்ய வேண்டிய வேலை. ரம்பத்தின் விலை அளவுக்கு அதுவும் செலவு வைக்கும். பழைய தொழிற்சாலைச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பிளேடைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தகட்டைப் படியுங்கள்.

நான் அதை வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பிளேடின் மேல்மூடியும் பின்புறத் தகடும் கழற்றப்பட்டிருந்தன. விற்றவரிடம் கேட்டேன். எங்கே போயின என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, ஒரு வன்பொருள் கடையில் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்த சீன ரம்பம். 254 மி.மீ. பிளேடு, விலை ஆயிரம் வெள்ளிக்கும் குறைவு. தவுக்கே மலாயில் முதலில் சொன்னதே அதன் குதிரைச் சக்தியைத்தான். மூன்றாவது, அதே கடையில் உள்ளே இருந்த பெயர் பெற்ற நிறுவனத்தின் ரம்பம். 210 மி.மீ. பிளேடு, 1,850 வாட், விலை முதலாவதைப் போல் இரண்டரை மடங்கு. மருமகனுக்குக் கணக்குப் புரியவில்லை. "பிளேடும் சின்னது, விலையும் கூட. எதுக்கு மாமா?"

பிளேடு சின்னதாக இருப்பதில் எங்களுக்கு இழப்பில்லை. 210 மி.மீ. பிளேடு நேராக நிற்கும்போது 65 மி.மீ. கனம் வரை அறுக்கும். சாமி மேடையில் அவ்வளவு தடிமனான மரம் வருவதே அபூர்வம். 254 மி.மீ. பிளேடு இன்னும் ஒரு 15 மி.மீ. ஆழம் தரும். செங்கால் மரத்தூண் அறுப்பவருக்கு அது தேவை, இவனுக்கு இல்லை. மற்றதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட அளந்து காட்டுவது நல்லது என்று தோன்றியது. பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்தேன்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை

இதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். மின்சாரம் வேண்டாம், பிளக் செருகியிருக்கவே கூடாது. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஃபென்ஸை ஏறத்தாழ 100 மி.மீ. தள்ளி நிறுத்திப் பூட்டுங்கள். பிளேடின் முன்பக்கப் பல் ஒன்றிலிருந்து ஃபென்ஸ் வரை அளந்துகொள்ளுங்கள். பிளேடைக் கையால் மெல்லச் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளங்கள். அதே பல்லாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிளேடில் சிறு வளைவு இருந்தாலும் அளவைக் கெடுக்காது.

சீன ரம்பத்தில் முன்னால் 100 மி.மீ., பின்னால் 98.5. ஃபென்ஸைத் தளர்த்தி மறுபடி பூட்டினேன். இம்முறை பின்னால் 99. மூன்றாம் முறை 98. பூட்டிய பிறகு ஃபென்ஸின் கடைசி முனையை ஒரு விரலால் தள்ளினால் கண்ணுக்குத் தெரிய அசைந்தது. அதை முன்பக்கத்தில் மட்டுமே பிடித்திருந்தார்கள். பின்முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்த ரம்பத்தில் ஃபென்ஸ் பல்சக்கரத்தில் நகர்ந்தது. ஒரு குமிழைத் திருகினால் முன்னும் பின்னும் சேர்ந்தே ஊரும். ஐந்து முறை பூட்டி அளந்தேன். ஐந்து முறையும் முன்னும் பின்னும் ஒரே அளவு. முனையைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

"ஒன்றரை மி.மீ. தானே மாமா, இழைப்புளி போட்டுக்கலாமே" என்றான்.

அந்த ஒன்றரை மி.மீ. துண்டின் அகலத்தை மட்டும் கெடுப்பதில்லை. ஃபென்ஸ் பின்னால் நெருங்கி நின்றால், அறுபட்டு முன்னேறும் பலகை பிளேடின் பின்பக்கத்தோடு நெருக்கப்படுகிறது. பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி வந்து மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே எழும்பி, நம் பக்கம் திரும்பி வரும். பலகை அந்தப் பற்களில் சிக்கினால் தூக்கி, நம்மை நோக்கியே வீசப்படும். ஆங்கிலத்தில் கிக்பேக் என்று சொல்வது இதைத்தான்.

எவ்வளவு வேகம்? மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 210 மி.மீ. பிளேடின் சுற்றளவு ஏறத்தாழ 660 மி.மீ. நிமிடத்துக்கு 5,800 சுற்று என்றால், பல்லின் நுனி நிமிடத்தில் 3,800 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 230 கிலோமீட்டர். நம் இடிஎஸ் இரயில் ஓடுவதே 140 கிலோமீட்டரில்தான். 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றினாலும் கிட்டத்தட்ட இதே வேகம்தான் வரும். சின்ன பிளேடு சாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பலகை எகிறும்போது வயிற்றில் அடிபடுவது ஒரு பக்கம். அதைவிட மோசமானது, பலகையோடு சேர்ந்து கையும் பிளேடை நோக்கி இழுபடுவது. மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கைக்குத் திடீரென்று மரம் இல்லாமல் போய்விடுகிறது. அத்தானுக்கு நடந்தது இதுதான்.

பின்னால் நிற்கும் கத்தி

அன்று கடைக்கு அத்தானும் வந்திருந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது, அவர் குனிந்து இரண்டு ரம்பங்களின் பிளேடுக்கும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல ரம்பங்களில் பிளேடுக்குப் பின்னால், அதன் வளைவை ஒட்டி, பிறை வடிவில் ஓர் எஃகுத் தகடு நிற்கும். ரைவிங் கத்தி என்பார்கள். பெயர்தான் கத்தி, கூர் கிடையாது. அறுபட்ட இரண்டு பாதிகளும் மீண்டும் நெருங்கிப் பிளேடைக் கவ்வாமல் நடுவில் நின்று தடுப்பதுதான் அதன் வேலை. ரப்பர் மரம் போன்ற பலகைகளில், உலர்த்தும்போது உள்ளே தங்கிய இறுக்கம் அறுத்ததும் விடுபட்டு, பாதிகள் தாமாகவே வளைந்து ஒன்றையொன்று நெருங்கும். கண்ணெதிரே நெருங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பழைய ரம்பங்களிலும் இப்படி ஒரு தகடு உண்டு. ஆனால் அது பிளேடைவிட உயரமாக, மேல்மூடியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். பலகையை முழுக்க அறுக்காமல், இழுப்பறையின் அடிப்பலகை செருகுவதற்குப் பாதி ஆழத்தில் ஒரு காடி மட்டும் போட வேண்டுமென்றால் தகடு மரத்தில் இடிக்கும். அதனால் மூடியோடு சேர்த்துக் கழற்றி வைப்பார்கள். காடி போட்டு முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டுவதற்குச் சாவி தேட வேண்டும், அவசரம் இருக்கும், மேற்பார்வையாளர் எண்ணிக்கை கேட்பார். ஒரு நாள் மாட்டாமல் ஓடும். அப்புறம் எப்போதும் மாட்டாமலே ஓடும். அத்தான் வேலை செய்த ஆலையில் அது ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்ததாம். அந்தப் பழைய தொழிற்சாலை ரம்பத்தில் பின்தகடு காணாமல் போயிருந்ததும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ரைவிங் கத்தி அப்படியல்ல. பிளேடு ஏறும்போது தானும் ஏறும், இறங்கும்போது இறங்கும். அதன் தலை பிளேடின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்ந்தே நிற்கும்படி வைக்கலாம். அதனால் காடி போடும்போதும் அது தன் இடத்திலேயே இருக்கலாம். ஐரோப்பிய ரம்பங்களில் இது வெகுகாலமாக உண்டு. அமெரிக்க ரம்பங்களில் 2008க்குப் பிறகே பரவியது.

அத்தான் தவுக்கேயிடம் அன்று கேட்டது ஒரே கேள்வி. மலாயில்தான் கேட்டார். "காடி போடணும்னா இதைக் கழற்றணுமா?" தவுக்கே பெட்டியிலிருந்த கையேட்டை எடுத்துப் புரட்டினார். பெரிய ரம்பத்தில் கழற்ற வேண்டும். சின்ன ரம்பத்தில் ஒரு பூட்டைத் தளர்த்தித் தாழ்த்தினால் போதும், சாவியும் தேவையில்லை. தவுக்கே செய்து காட்டினார். அத்தான் வாங்கி, தானும் இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எங்களுக்கு எந்த ரம்பம் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

என் கருத்தும் இதுதான். பாதுகாப்புச் சாதனம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அன்றாட வேலைக்கு அதைக் கழற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற வேண்டிய எதுவும் ஆறு மாதத்தில் மூலைக்குப் போய்விடும். நான் போய் வந்த பட்டறைகளில் பாதிக்கு மேல் இதே கதை.

விரல் பட்டதும் தானே நின்றுவிடும் ரம்பம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. இயற்பியல் படித்தவர், தொழிலால் காப்புரிமை வழக்கறிஞர். அவருடைய சாஸ்டாப் நிறுவனம் 2004ல் ரம்பங்களை விற்கத் தொடங்கியது. பிளேடில் ஒரு சிறு மின் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டதும் சமிக்ஞை மாறும், ஓர் அலுமினியக் கட்டை பிளேடின் மேல் பாய்ந்து ஐந்து மில்லி விநாடியில் நிறுத்திவிடும். கட்டையும் பிளேடும் பாழ், விரலில் ஒரு கீறல். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் எங்கள் 3,000 வெள்ளிக்கு எட்டாத விலை. இன்னொன்று, எகிறி வரும் பலகையை அது தடுக்காது. அதற்கு ரைவிங் கத்திதான் வேண்டும்.

மின்சாரம், இடம், பக்கத்து வீடு

இனி குதிரைச் சக்திக்கு வருவோம். நம் வீட்டுச் சுவரில் இருப்பது 13 ஆம்பியர் பிளக். 240 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 3,100 வாட். வீட்டில் ஒரு சாதாரண பிளக்கிலிருந்து எடுக்கக்கூடியதற்கு எல்லை அதுதான். எங்கள் ரம்பத்தின் 1,850 வாட் ஏறத்தாழ 7.7 ஆம்பியர் இழுக்கும். தூசி உறிஞ்சும் இயந்திரம் 1,200 வாட் என்றால் இன்னொரு 5 ஆம்பியர். இரண்டையும் ஒரே பிளக்கில் மாட்டினால் விளிம்பில் போய் நிற்கும். ஆளுக்கொரு பிளக் கொடுங்கள், இயன்றால் வேறு வேறு சுற்றிலிருந்து. நீட்டிப்புக் கம்பி தேவைப்பட்டால் 1.5 சதுர மி.மீ. செம்புக்குக் குறையாமல் வாங்குங்கள். சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துப் போட்டே பயன்படுத்துங்கள், சுருளுக்குள் சூடு தங்கிவிடும். அமெரிக்காவிலிருந்து யாராவது மலிவாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 50 ஹெர்ட்ஸ்.

அக்கா வீடு வரிசை வீடு. மாலையில் அத்தானின் கார் போர்ச்சுக்குத் திரும்ப வேண்டும். எனவே மடக்கக்கூடிய கால் உள்ள, 20 கிலோ சொச்ச எடையுள்ள ரம்பமே அங்கே பொருந்தும். அலுமினிய மேசைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றிலும் சாரலிலும் வார்ப்பிரும்பு ஒரே வாரத்தில் துரு பிடிக்கத் தொடங்கும், மெழுகு போட்டுப் போட்டுத் துடைக்க வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சிறு ரம்பங்களின் பெரிய குறை சத்தம். காதைக் கிழிக்கும். காதுக் கவசம் நமக்கு இருக்கிறது, சுவருக்கு அப்பால் இருக்கும் மக்சிக்குக்கு இல்லை. மருமகன் ரம்பத்தை இறக்கிய அன்றே போய் அவரிடம் பேசிவிட்டு வந்தான். சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் துணி காயவைக்கும் நாளும் தெரிந்துகொண்டு வந்தான். தூசியைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக நிறுவனம் மரத்தூளை 1995ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. துணி முகக்கவசம் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வாங்குங்கள்.

மீதிப் பணம் எங்கே போக வேண்டும்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் ரம்பத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்காவது மீதம் இருக்கட்டும். ரம்பத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல். நீளவாக்கில் அறுக்க அது நல்லது. பிளைவுட்டைக் குறுக்கே அறுத்தால் ஓரம் பிய்ந்துவிடும், அதற்கு 60 பல் பிளேடு வேண்டும். வாங்கும்போது நடுத்துளையின் அளவைப் பாருங்கள். ரம்பம் வந்த நாட்டைப் பொறுத்து 15.88, 25.4, 30 மி.மீ. என்று மாறும். இன்னொன்றையும் பாருங்கள். ரைவிங் கத்தி பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பற்கள் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். கத்தியின் மேலேயே அதன் கனம் பொறித்திருக்கும். மெல்லிய பிளேடு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டினால், மரம் கத்தியில் முட்டி நின்றுவிடும். உடனே கை கத்தியைக் கழற்றப் போகும். அத்தானின் கதை மறுபடி அங்கேதான் தொடங்கும்.

ரப்பர் மரத்தில் மிச்சமிருக்கும் பால் பற்களில் பிசினாக ஒட்டும். பிளேடு மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள், பாதி நேரம் பிளேடில் குறை இருக்காது.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மேசை ரம்பத்தில் அது நேர்மாறு. நூல் ஒன்று பல்லில் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். மருமகனின் மணிக்கட்டில் கோயிலில் கட்டிய கயிறு ஒன்று முனை நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்க்க அவன் பாட்டி சம்மதிக்க மாட்டார். முனையை ஒட்ட வெட்டி, முழுக்கைச் சட்டையைத் தவிர்த்து, மேலே இறுக்கமான பட்டை ஒன்று போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று.

சான்றிதழ் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். ரம்பத்தை வாங்குவதற்கு முன் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பத்து மணி நேரமாவது பழகுங்கள். பந்திங்கில் மலேசிய மரத்தொழில் வாரியத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்களிலும் விசாரித்துப் பாருங்கள். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் தப்பான இடத்தில் நிற்கும்போது காணொளி தோளைத் தட்டி நகர்த்தி நிறுத்தாது. பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காதே, சற்று இடப்பக்கம் நில் என்று என்னை முதன்முதலில் தள்ளி நிறுத்திய கை ஒரு சீன மேஸ்திரியுடையது.

ரம்பம் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, மருமகன் முதல் வேலையாகச் சாமி மேடைக்குப் பலகையை எடுத்தான். அத்தான் விடவில்லை. பிளக்கைக் கழற்றச் சொல்லி, பிளேடும் ஃபென்ஸும் இணையாக இருக்கின்றனவா என்று மறுபடி அளக்கச் சொன்னார். லாரியில் வந்த குலுக்கலில் மாறியிருக்கலாமாம். மாறவில்லை. பிறகு மிச்சப் பிளைவுட் ஒன்றில் தானே பென்சிலால் தள்ளுகோலின் வடிவத்தை வரைந்தார். முன்முனையில் பலகையின் ஓரத்தைக் கவ்வ ஒரு வெட்டு, பின்னால் கைப்பிடி, நீளம் 400 மி.மீ. வளைவுகளைக் கை ரம்பத்தில் அறுத்தார்கள், நேர்ப்பக்கத்தை மட்டும் புது ரம்பத்தில். அப்படி இரண்டு செய்து, ஃபென்ஸின் வலப்பக்கம் ஆணியில் மாட்டினார்கள். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு சாண் அகலம்கூட இல்லையென்றால் கை போகக்கூடாது, அந்தக் கோல்தான் போக வேண்டும் என்று அத்தான் மகனிடம் சொன்னார். சொல்லும்போது அளவு காட்டியது வலது கையால்.